தந்தை ஒரு பக்கம், தனயன் ஒரு பக்கம்

‘தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது நம் பெரியோர் வாக்கு. வீட்டுக் கணக்கில் பிறந்த இந்த மொழி நாடுகளின் கணக்குக்கும் பொருந்துமா என்று அறிய விரும்புவோர் அமெரிக்க சுதந்திரப் போரின் வரலாற்றைப் படிக்கலாம்.

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். “அப்பாவுக்கு ஊர் கும்பகோணம். தாத்தாவுக்கும் கும்பகோணம். நான் பிறந்தது நாகபுரியில். அப்படியானால் எனக்கு ஊர் எது, மாமா?” அந்தக் கேள்விக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. வகுப்பு முடிந்ததும் சங்கத்து நூலகத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த அமெரிக்க வரலாற்று நூலைப் பிரித்தோம். அந்தச் சிறுவனின் கேள்வி அங்கும் நின்றுகொண்டிருந்தது. நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே பார்சல் கணக்கு எழுதுகிறவர்களே அன்றிச் சரித்திரப் பேராசிரியர் அல்லோம். எனினும் படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக அந்நாளில் பதின்மூன்று ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகள் இருந்தன. அங்கு ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியாரும் ஆவர். வெள்ளையரிற் பலர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள்; இங்கிலாந்தை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் இங்கிலாந்தைக் குறிப்பிடும்போது ‘வீடு’ என்றே சொல்வது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. இங்கே பிறந்த நம் குழந்தைகளும் கோடை விடுமுறை வந்தால் ‘ஊருக்குப் போகிறோம்’ என்று சொல்லுவதில்லையா? அவர்களும் அப்படித்தான். அத்தகைய மக்கள் இருபதே ஆண்டுகளுக்குள் தம் ‘வீட்டின்’ மீது துப்பாக்கி தூக்கினார்கள் என்றால், அது எவ்வாறு நேர்ந்தது?

கடன் வந்த கதை

1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்சும் உலகின் பல பகுதிகளில் போரிட்டன. வட அமெரிக்காவில் இங்கிலாந்து வென்றது. கனடா அதன் வசமாயிற்று. ஆனால் வெற்றியோடு கடனும் வந்தது. அந்தப் போருக்குள் இங்கிலாந்தின் தேசியக் கடன் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ‘உங்களைக் காக்கத்தானே செலவு செய்தோம், நீங்களும் ஒரு பங்கு கொடுங்கள்’ என்பது பாராளுமன்றத்தின் எண்ணம். ‘எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை எங்கள் மடியில் கை வைப்பதா?’ என்பது குடியேறியவர்களின் கேள்வி. இரண்டிலும் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளையைப் படிக்க வைத்த செலவை எண்ணிக் காட்டும் தகப்பனும், ‘என்னைக் கேளாமல் என் சம்பளத்தில் கை வைக்கலாமா?’ என்னும் பிள்ளையும் நம் வீடுகளிலும் உண்டு.

1765-ஆம் ஆண்டில் முத்திரைச் சட்டம் பிறந்தது. பத்திரங்கள், உரிமச் சீட்டுகள், செய்தித்தாள்கள், சீட்டாடும் அட்டைகள் ஆகிய யாவும் வரி செலுத்திய முத்திரைத் தாளிலேயே இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். ஊரெங்கும் கலகம் மூண்டது. மாசசூசெட்ஸில் தாமஸ் ஹட்சின்சன் என்னும் அதிகாரியின் பாஸ்டன் மாளிகையைக் கூட்டம் ஓர் இரவில் சூறையாடியது. அந்த மனிதர் பாஸ்டனிலேயே பிறந்தவர். முத்திரை வரி தவறான காரியம் என்று தனிப்பட்ட முறையில் கருதியவர். ஆயினும் சட்டம் சட்டமே என்று நின்றார். பின்னர் கவர்னராகி, இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், 1780-ல் அங்கேயே மறைந்தார். இங்கிலாந்தில் இருந்த நாளெல்லாம் அவர் ஏங்கியது அமெரிக்காவை நினைத்துத்தான்.

எதிர்ப்பைக் கண்டு பாராளுமன்றம் 1766-ல் அச்சட்டத்தை நீக்கியது. ஆனால் அதே கையோடு, குடியேற்ற நாடுகளுக்கு எவ்விஷயத்திலும் சட்டம் இயற்றத் தனக்கு உரிமையுண்டு என்று மற்றொரு சட்டமும் செய்துகொண்டது. பிரபுக்கள் சபையில் ஐந்தே பேர் அதை எதிர்த்து வாக்களித்தனர். அவர்களுள் ஒருவர் கார்ன்வாலிஸ் பிரபு. இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; இவர் மறுபடியும் வருவார்.

342 பெட்டிகள்

1767-ல் கண்ணாடி, காகிதம், ஈயம், வர்ணம், தேயிலை ஆகியவற்றின் மீது வரி வந்தது. 1770 மார்ச் 5-ஆம் நாள் பாஸ்டன் வீதியில் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். சுட்ட சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் யார் தெரியுமா? தேசபக்தர் கூட்டத்தைச் சேர்ந்தவரும், பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானவருமான ஜான் ஆடம்ஸ். ஊரே கொதித்து நின்ற வேளையில், எதிரிக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று அவர் நின்றார். எட்டுச் சிப்பாய்களில் அறுவர் விடுதலை பெற்றனர். மக்கள் இரு பக்கமாகப் பிரிந்துகொண்டிருந்தபோதும், நடுவில் நிற்கும் ஆண்மை சிலரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று.

தேயிலை வரி தவிர மற்றவை பின்னர் நீக்கப்பட்டன. அந்நிலையில்தான் நம் நாட்டுக் கதையும் அந்நாட்டுக் கதையும் ஒரு கணம் உரசிக்கொண்டன. கிழக்கிந்தியக் கம்பெனி பணமுடையில் சிக்கியிருந்தது. அதன் கிடங்குகளில் சீனத் தேயிலை மலைபோல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் கைதூக்கிவிட 1773-ல் பாராளுமன்றம் ஒரு வழி செய்தது. தேயிலையை நேராக அமெரிக்காவுக்கு அனுப்பிக் குறைந்த விலைக்கு விற்கலாம். ஆனால் ராத்தலுக்கு மூன்று பென்னி வரி தொடரும். விலை குறைந்தும் அமெரிக்கர் வாங்க மறுத்தனர். 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளம் பட்ட பாடு அங்கும் தெரிந்திருந்தது. வங்காளத்தில் அந்தக் கம்பெனி செய்ததை எடுத்துக்காட்டி, நமக்கும் அக்கதி வரலாம் என்று ஜான் டிக்கின்சன் என்பவர் எச்சரித்து எழுதினார்.

1773 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, பழங்குடியினர் வேடமிட்ட கூட்டம் பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் ஏறி 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிற்று. எடை 92,000 ராத்தலுக்கு மேல். நம் கணக்கில் ஏறத்தாழ 42,000 கிலோ. ஒரு பார்சல் வந்து சேரவில்லையென்றால் எத்தனை விசாரணை, எத்தனை நோட்டீசு என்பதை அறிந்த நாம், இந்த எண்ணைப் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். இங்கிலாந்தும் சும்மா இருக்கவில்லை. 1774 ஜூன் முதல் தேதி பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. குற்றம் செய்தவர் சிலர். பட்டினி கிடந்தது ஊர் முழுவதும். அதுவரை தயங்கியிருந்த பலரையும் எதிர்ப்பக்கம் தள்ளியது அந்தத் தண்டனையே.

பட்டம் விட்ட தந்தையும் மகனும்

இனி ஒரு வீட்டுக் கதைக்கு வருவோம். பெஞ்சமின் பிராங்க்ளினை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. இடி மேகத்தில் பட்டம் விட்டு மின்னலின் தன்மையை ஆராய்ந்தவர். 1752-ல் அப்பட்டம் விட்டபோது அவருக்குத் துணையாக நின்றவர் அவர் மகன் வில்லியம். 1757-ல் தந்தையும் மகனும் ஒன்றாகவே லண்டன் சென்றனர். மகன் அங்கே சட்டம் பயின்றார். 1762-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரசு அவரை நியூ ஜெர்சியின் கவர்னராக நியமித்தது. தந்தையோ அமெரிக்கத் தபால் இலாகாவின் துணைத் தலைவர். இருவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். இருவரும் மன்னருக்கு விசுவாசிகள். பிராங்க்ளின் 1771-ல் தம் புகழ்பெற்ற சுயசரிதையை எழுதத் தொடங்கியபோது, அதை மகனுக்கு எழுதும் கடிதமாகவே தொடங்கினார்.

பெஞ்சமின் முதலில் கலகக்காரர் அல்லர். முத்திரை வரியைத் தவிர்க்க இயலாது என்று எண்ணி, அவ்வேலைக்குத் தம் நண்பர் ஒருவரின் பெயரையே பரிந்துரைத்தார். அதன் பலனாக 1765-ல் பிலடெல்பியாவில் இருந்த அவர் வீட்டையே கூட்டம் தாக்க வரும் என்ற நிலை ஏற்பட்டது. அவர் மனைவி டெபரா துப்பாக்கியோடு வீட்டைக் காத்து நின்றார். பாஸ்டன் தேயிலை கொட்டப்பட்ட செய்தி வந்தபோதும், கம்பெனிக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆனால் 1774 ஜனவரியில், மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனின் கடிதங்கள் வெளியான விவகாரத்தில், லண்டனில் மன்னரின் ஆலோசனைச் சபை முன்னே அவரை நிற்க வைத்து அரசு வழக்கறிஞர் ஒரு மணி நேரம் இழித்துப் பேசினார். சபையிலிருந்த பிரபுக்கள் சிரித்தனர். பிராங்க்ளின் ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். அடுத்து அவருடைய தபால் உத்தியோகமும் பறிக்கப்பட்டது. அந்த மண்டபத்துள் நுழைந்தவர் மன்னரின் ஊழியர், வெளிவந்தவர் அமெரிக்கர்.

1775 ஏப்ரல் 19-ஆம் நாள் லெக்சிங்டனில் முதல் குண்டு வெடித்தது. மே மாதம் பிராங்க்ளின் தாயகம் திரும்பினார். மகனையும் நண்பர் ஜோசப் கேலோவேயையும் சந்தித்துத் தம் பக்கம் அழைத்தார். கேலோவே முந்தைய ஆண்டு, இங்கிலாந்தோடு ஒட்டியிருந்தே அமெரிக்கருக்கென ஒரு பொதுச் சபை அமைக்கலாம் என்று ஒரு சமரசத் திட்டத்தைக் காங்கிரஸில் கொண்டுவந்தவர். ஒரே வாக்கில் அது தள்ளி வைக்கப்பட்டது. மூவரும் இரவு நெடுநேரம் வாதிட்டனர். பயனில்லை.

வில்லியமின் நிலையை நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது. மன்னர் பதவி தந்தார்; பதின்மூன்று ஆண்டுகள் அவர் உப்பைத் தின்றாயிற்று. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தோற்கும் பக்கத்தில் நின்ற கும்பகர்ணனையும் கர்ணனையும் போற்றுகிறவர்கள் நாம். அறத்தின் பக்கம் போன விபீஷணனையும் போற்றுகிறோம். ஒரே வீட்டில் இருவரும் பிறந்துவிட்டால் யாரை நோவது?

1776 ஜூனில் வில்லியம் கைது செய்யப்பட்டார். சில நாள்களில், ஜூலை 4-ஆம் நாள், சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. அதை வரைய அமைந்த குழுவில் தந்தை ஓர் அங்கத்தினர். சிறையிலிருந்த வில்லியம் 1777-ல் தனிக் கொட்டடியில் எட்டு மாதம் அடைக்கப்பட்டார். அந்நாளில் அவர் மனைவி எலிசபெத் நியூயார்க்கில் நோயுற்றுக் கிடந்தார். ஒரு முறை பார்த்து வர அனுமதி வேண்டினார் வில்லியம். தளபதி வாஷிங்டன் மனம் இரங்கி அதைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். காங்கிரஸ் மறுத்துவிட்டது. ஜூலை மாதம் அந்த அம்மையார் கணவரைக் காணாமலே கண் மூடினார். அந்த ஆண்டெல்லாம் தந்தை பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராயிருந்தார். மகனுக்காக அவர் ஒரு விரலும் அசைக்கவில்லை. வில்லியமின் மகன் டெம்பிளைத் தம்முடனேயே அழைத்துச் சென்று தம் காரியதரிசியாக வைத்துக்கொண்டார்.

கேலோவே வீட்டின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. அவர் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, மகளோடு 1778-ல் இங்கிலாந்து போனார். மனைவி கிரேஸ் பிலடெல்பியாவிலேயே தங்கினார். அது அவர் பிறந்த வீட்டுச் சொத்து. தாம் இருந்தால் மகளுக்காவது மிஞ்சும் என்று எண்ணினார். புதிய அரசு அவரை வீட்டை விட்டு வெளியேற்றியது. 1782-ல் அவர் இறந்தார். கணவரையும் மகளையும் பிறகு அவர் காணவேயில்லை.

அண்ணன் தம்பிப் போர்

இப்போரை ‘அமெரிக்கர் ஒரு பக்கம், ஆங்கிலேயர் ஒரு பக்கம்’ என்று நாம் பள்ளியில் படித்தோம். உண்மை அவ்வளவு நேர்கோடாக இல்லை. 1780 அக்டோபர் 7-ஆம் நாள் தெற்கே கிங்ஸ் மௌண்டன் என்னும் குன்றில் நடந்த சண்டையில் ஆங்கிலேயப் பக்கத்துத் தளபதி பெர்குசன் ஸ்காட்லாந்துக்காரர். ஏனையோர் இரு பக்கமும் அமெரிக்கர்களே. பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் சுட்டான்.

அடிமைகளின் நிலை இன்னும் விந்தையானது. ‘எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்’ என்று பிரகடனம் செய்தோர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். மறுபுறம், 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய கவர்னர் டன்மோர் பிரபு, கலகக்காரரிடமிருந்து ஓடிவந்து தம் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். அடிமைக்குச் சுதந்திரம் எந்தக் கொடியின் கீழ் இருந்தது? வாஷிங்டனின் பண்ணையிலிருந்தே ஹாரி வாஷிங்டன் என்ற அடிமை தப்பி ஆங்கிலேயர் பக்கம் போனார். போர் முடிந்தபின் 1783-ல் நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் கறுப்பின மக்கள் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினர். ஹாரியும் அவர்களுள் ஒருவர். 1792-ல் சுமார் 1,200 பேர் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றபோதும் அவர் உடன் சென்றார்.

மண்ணின் பூர்வகுடிகளும் பிளவுபட்டனர். ஆறு இனங்கள் சேர்ந்த இரோகுவா கூட்டமைப்பு உடைந்தது. ஒனைடா இனத்தவரும் டஸ்கரோராக்களும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் நின்றனர். ஜோசப் பிராண்டின் தலைமையில் மோஹாக்கரும் பிறரும் ஆங்கிலேயர் பக்கம் நின்றனர். 1779-ல் அமெரிக்கப் படை அவர்களுடைய ஊர்கள் நாற்பதைக் கொளுத்தியது. 1783-ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடலூரில் முடிந்த போர்

1778-ல் பிரான்சு அமெரிக்காவோடு சேர்ந்ததும் போர் நம் கரைக்கும் வந்தது. அவ்வாண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். மைசூர் ஹைதர் அலி ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற புகழ் அமெரிக்கா வரை எட்டியது. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

1781 அக்டோபர் 19-ஆம் நாள் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. சரணடைந்த தளபதி வேறு யாருமல்லர்; முன்னர் அமெரிக்கருக்குப் பரிந்து வாக்களித்த அதே கார்ன்வாலிஸ். உடல்நலமில்லை என்று சொல்லித் துணைத்தளபதியை அனுப்பினார். பின் 1786-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்புவை வென்று, வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்து, இரண்டாம் முறை வந்தபோது 1805-ல் காஜிப்பூரில் இறந்தார். அவர் சமாதி அங்கே இருக்கிறது.

அமெரிக்காவில் துப்பாக்கி ஓய்ந்த பின்னும் நம் கடலூரில் ஓயவில்லை. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். ஜூன் 20-ஆம் நாள் இரு நாட்டுக் கப்பல்களும் கடலில் மோதின. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்தாயிற்று. செய்தி வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆயிற்று. அதுவரை மாண்டவர்கள் முடிந்துபோன சண்டைக்காக மாண்டவர்கள். பாஸ்டனில் தேயிலையோடு கிளம்பிய புயல் கடலூர்க் கரையில் வந்து ஓய்ந்தது.

ஒரு கடிதமும் ஓர் உயிலும்

போர் முடிந்ததும் மன்னர் பக்கம் நின்ற குடும்பங்களிலிருந்து அறுபதாயிரம் பேருக்குக் குறையாமல் நாட்டைவிட்டு வெளியேறினர். பலர் கனடாவில் புது ஊர் கண்டனர். வில்லியம் 1782-லேயே லண்டன் போய்ச் சேர்ந்திருந்தார். 1784-ல் தந்தைக்குக் கடிதம் எழுதி, பழைய அன்பைப் புதுப்பிக்க விரும்பினார். தாம் செய்தது கடமை என்றே கருதியதாகவும் அதில் சொன்னார். தந்தையின் பதில் வந்தது. தம் வாழ்நாளில் வேறு எதுவும் தம்மை இவ்வளவு வருத்தியதில்லை, முதுமையில் ஒரே மகன் எதிராக நின்றான் என்பதே அதன் சாரம்.

1785 ஜூலையில் இருவரும் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் சில நாள் சந்தித்தனர். பேசியது நிலக்கிரயம்; வில்லியமின் அமெரிக்க நிலங்கள் டெம்பிளின் பெயருக்கு எழுதப்பட்டன. தந்தை கப்பலேறினார். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. 1790 ஏப்ரல் 17-ஆம் நாள் பிராங்க்ளின் மறைந்தார். உயிலில் மகனுக்கு நோவா ஸ்கோஷியாவில் உள்ள நிலத்தையும், அவரிடம் ஏற்கெனவே இருந்த புத்தகங்களையும் விட்டுச்சென்றார். போரில் மகன் நின்ற பக்கமே அதற்கு மேல் தராததற்குக் காரணம் என்றும் எழுதி வைத்தார். எதிரி நாடாயிருந்த இங்கிலாந்தோடு சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அதே கை, மகனோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை.

இதைப் படித்து முடித்தபோது எமக்கு எம் கொள்ளுப்பாட்டனாரின் நினைவு வந்தது. அவரும் ரயில் குமாஸ்தா. 1942-ல் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்ட நாள்களில் இரவுப் பணி பார்த்தவர். அவர் தம்பி கதர் அணிந்து சிறை சென்றவர். சிறையிலிருந்து தம்பி எழுதிய கடிதத்துக்கு அண்ணன் பதில் போடவில்லை. வேலை போனால் நான்கு பெண்களையும் எப்படிக் கரையேற்றுவது என்ற அச்சம். சுதந்திரம் வந்த பிறகு தம்பி அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சில ஆண்டு கழித்து மூத்த பெண்ணின் கல்யாணம் நடந்தது. தம்பி அழையாமலே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறத் தொடங்கினார். அண்ணனின் இலையருகே வந்து, “அண்ணா, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?” என்றார். “விடு” என்றார் அண்ணன். அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்று அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொண்டதில்லை என்று எம் பாட்டியார் சொல்வார்.

நாடுகள் பிரியும்போது மனிதர் ஏதேனும் ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டியிருக்கிறது. பிராங்க்ளின் நின்ற பக்கத்தை வரலாறு சரியென்று கொண்டது. அதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய அறிவாளிக்குக் கைகூடாத ஒன்று, ஒரு கரண்டி ரசத்தில் எம் முன்னோர் இருவருக்குக் கைகூடியது.

அந்தச் சிறுவனுக்கு அடுத்த ஞாயிறு நாம் விடை சொன்னோம்: “உன் அப்பாவுக்கு ஊர் கும்பகோணம், உனக்கு ஊர் நாகபுரி. இரண்டையும் உன்னுடையவை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. தாத்தாவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுது. அவர் எழுதினால் பதில் போடாமல் இருந்துவிடாதே.” அவன் அன்றே எழுதினான். ‘கும்பகோணம்’ என்பதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நாம் திருத்தாமல் தபாலில் சேர்த்தோம்.